குறுக்கே வைக்கும் ராணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஒரு சதுரங்கப் போட்டியில் என்னிடம் ராணியும், இன்னும் ஒரு கட்டம் போனால் ராணியாகிவிடும் ஏழாம் வரிசைச் சிப்பாய் ஒன்றும் இருந்தன; எதிராளியிடம் ராணி மட்டுமே. அவர் செக் வைத்தபோதெல்லாம் என் ராணியைக் குறுக்கே வைத்து மறைத்தேன். என் ராஜாவையும் அவருடைய ராஜாவின் பக்கம் போகவிடாமல் தள்ளியே வைத்திருந்தேன். கடைசியில் சிப்பாயை இழந்து டிராவில் முடிந்தது. எங்கே தவறினேன்?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

ராஜாவைத் தள்ளி வைத்ததாகச் சொல்கிறீர்களே, அங்கேதான்.

பலகையில் இப்படி அடுக்கிப் பாருங்கள் (எழுத்து இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரையிலான நெடுவரிசை; எண் வெள்ளையின் பக்கமிருந்து எண்ணும் வரிசை). வெள்ளை ராஜா சி5, ராணி டி5, சிப்பாய் ஜி7. கறுப்பு ராஜா ஏ4. கறுப்பு ராணி ஜி1இல் வந்து செக் வைக்கிறது. நீங்கள் ராணியை டி4இல் வைத்தால், அது செக்கை மறைப்பதோடு நான்காம் வரிசை வழியாகக் கறுப்பு ராஜாவுக்கே செக்காகிறது. ராஜாவை நகர்த்தினால் ஜி1இல் இருக்கும் ராணி வெட்டுப்படும் என்பதால், அவர் ராணிகளை மாற்றிக்கொண்டே ஆக வேண்டும்; உங்கள் ராஜா டி4இல் வெட்டியதும் சிப்பாயைத் தடுக்க ஆளில்லை. சி1இலிருந்து செக் வந்தால் சி4, சி8இலிருந்து வந்தால் சி6, இரண்டும் பதில் செக்குகளே.

இனி கறுப்பு ராஜாவை மட்டும் ஒரு கட்டம் இறக்கி ஏ3இல் வையுங்கள். அதே ஜி1 செக்குக்கு அதே டி4தான் என்றாலும், இப்போது அது வெறும் மறைப்பு. அவர் நிதானமாகச் சி1இல் அடுத்த செக்கை வைப்பார். பழக்கதோஷத்தில் நீங்கள் சி4இல் மறைத்தால், ஜி5இல் வரும் செக் ராஜாவையும் ஜி7 சிப்பாயையும் சேர்த்தே தாக்கும். உங்கள் ஆட்டத்திலும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

1954 ஆம்ஸ்டர்டாம் சதுரங்க ஒலிம்பியாடில் பல்கேரியாவின் மினேவுக்கு எதிராக ஜி சிப்பாயை வைத்துக்கொண்டு, அப்போதைய உலகச் சாம்பியன் பொட்வின்னிக் வென்ற ஆட்டத்தை நகர்த்திப் பார்த்தால், எதிரி ராஜா நிற்கும் வரிசைக்கோ அதற்கடுத்த வரிசைக்கோ தன் ராஜாவைக் கொண்டுபோவதற்காக அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பது தெரியும். செக்குக்குப் பயந்து ஓடுவது போலத்தான் முதலில் தோன்றும்; எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு ராஜாக்களும் அண்டை வரிசைகளில் நின்றால், எதிரி செக் வைக்கும் கோடுகளில் பல, மறைக்கும் ராணிக்குப் பதில் செக் வைக்கும் இடத்தையும் தந்துவிடுகின்றன.

ஆனால் எல்லாச் செக்கும் இப்படி அடைபடாது. மேலே சொன்ன முதல் நிலையில் கறுப்பு ராணி ஏ3 அல்லது ஏ5இலிருந்து செக் வைத்தால், இடையிலுள்ள கட்டத்துக்கு உங்கள் ராணியால் வர முடியாது. ராஜாதான் நகர வேண்டும். அப்படி நகரும்போது அடுத்த செக் எந்தக் கோட்டில் வரும், அதை எந்தக் கட்டத்தில் மறைத்தால் பதில் செக் கிடைக்கும் என்பதைப் பார்த்துவிட்டு, அதற்குத் தோதான கட்டத்தில் ராஜாவை வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்