கழன்ற மினி ஸ்க்ரூவுக்குப் பதிலாகச் சொரசொரப்பு ஸ்க்ரூ: கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. கிளிப் போட்டிருக்கிறாள். முன்பற்களைப் பின்னுக்கு இழுக்க மேல் தாடை எலும்பில் இரு பக்கமும் மினி ஸ்க்ரூ (சின்னத் திருகாணி) வைத்தார்கள். இடது பக்க ஸ்க்ரூ மூன்றாவது வாரமே ஆடிக் கழன்றுவிட்டது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய ஸ்க்ரூ வைத்தால் நிற்கும், விலை கூடும் என்கிறார் டாக்டர். ஒவ்வொரு தடவையும் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியிருக்கிறது. அதையே வைத்துவிடலாமா?

பதில்: வைக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி வைக்க வேண்டாம். மூன்றாவது வாரம் கழன்றது என்கிறீர்களே, காரணத்தைத் தேட வேண்டியது அங்கிருந்துதான்.

ஸ்க்ரூவுக்கு முதல் நாள் கிடைக்கும் பிடி, அதன் மரை எலும்பின் கெட்டியான வெளி ஓட்டைக் கவ்வுவதால் வருவது. அழுத்தப்பட்ட எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த இடத்தில் புது எலும்பு வளரும். இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை பழைய பிடி தளர்ந்திருக்கும், புதுப் பிடி வந்திருக்காது. பெரும்பாலான ஸ்க்ரூக்கள் முதல் சில மாதங்களுக்குள்தான் கழல்கின்றன.

மேற்பரப்புச் சிகிச்சை உதவுவது அந்தப் புதுப் பிடிக்கு. அலுமினியம் ஆக்ஸைடு துகள்களை வேகமாக வீசி டைட்டேனியத்தைச் சொரசொரப்பாக்கி, பிறகு அமிலத்தில் ஊறவைப்பார்கள். நுண்ணிய குழிகளில் எலும்பு செல்கள் நன்றாக ஒட்டும். விலங்குகளில் செய்த சோதனைகளில் இப்படிப்பட்ட ஸ்க்ரூவைக் கழற்ற அதிக முறுக்கு விசை தேவைப்பட்டது. ஆனால் நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை, கழலும் விகிதத்தில் தெளிவான வித்தியாசத்தைக் காட்டவில்லை. முதல் நாளே பிடி சரியில்லாத ஸ்க்ரூ, எலும்பு வந்து ஒட்டுவதற்குள் ஆட ஆரம்பித்துவிடும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

டாக்டர் காட்டும்போது ஸ்க்ரூவை உற்றுப் பாருங்கள். சொரசொரப்பாக்கியது மரைப் பகுதியில் மங்கிய சாம்பல் நிறமாக, பளபளப்பில்லாமல் இருக்கும். ஈறைத் தொடும் கழுத்துப் பகுதி மட்டும் வழவழப்பாக இருக்க வேண்டும்; அங்கும் சொரசொரப்பு இருந்தால் அழுக்குப் படிந்து ஈறு வீங்கும், ஸ்க்ரூ ஆடும். பொன்னிறம், நீலம், ரோஸ் என்று வரும் ஸ்க்ரூக்களில் அந்த நிறம் பெரும்பாலும் அளவை அடையாளம் காட்டத்தான். நிறத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை வேறு. கழன்ற இடத்தை எக்ஸ்ரேயில் பார்த்தாரா? ஸ்க்ரூ பல் வேரைத் தொட்டிருந்தால், மெல்லும் ஒவ்வொரு தடவையும் அது அசைந்திருக்கும். எலும்பின் வெளி ஓடு அங்கே 1 மில்லிமீட்டராவது இருக்கிறதா? வளரும் வயதில் அது மெலிந்தும் மென்மையாகவும் இருக்கும். திருகும்போது முறுக்கு விசை எவ்வளவு? 5 முதல் 10 நியூட்டன் சென்டிமீட்டர் வரை நல்லது. குறைந்தால் பிடிக்காது, மிகவும் கூடினால் எலும்பில் நுண்விரிசல் விழுந்து, சில வாரத்தில் அது கரையும்.

அதே துளையில் அதே அளவு ஸ்க்ரூவைத் திரும்பத் திருகுவதை ஏற்காதீர்கள். அடுத்த பல்லிடுக்குக்கு மாற்றலாம், தடிமனானதை வைக்கலாம், அல்லது எலும்பு ஆற 2, 3 மாதம் விடலாம். என் முதல் தேர்வு அண்ணத்தின் முன்பகுதி. அங்கே எலும்பு கெட்டி, ஈறு இறுக்கம், ஸ்க்ரூ நிற்கும் விகிதமும் மிக அதிகம். உங்கள் மகளின் சிகிச்சைத் திட்டத்துக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள்.

சொரசொரப்பு ஸ்க்ரூவுக்குத்தான் போகிறீர்கள் என்றால், 6 முதல் 8 வாரம் முழு இழுவிசை கொடுக்காமல் விடச் சொல்லுங்கள். வைத்த அன்றே பல்லை இழுக்கும் ஸ்பிரிங்கை முழு விசையில் மாட்டினால், எலும்பு ஒட்ட அவகாசம் போதாமல் போகலாம். கொடுத்த பணமும் வீணாகலாம். அந்த வாரங்களில் மலையிறங்கும் தடவையும் குறையும், ஆனால் மூன்றாம் வாரப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் நாக்கால் ஸ்க்ரூவை நெருடக் கூடாது. சின்ன, மென்மையான பிரஷ்ஷால் அதன் தலையைச் சுற்றிச் சுத்தம் செய்யட்டும். வர்க்கியை டீயில் நனைத்தும், கேரட்டை வேகவைத்தும் தின்னட்டும். ஸ்பிரிங் தொங்கினாலோ, ஈறு சிவந்து வீங்கினாலோ, மெல்லும்போது வலித்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

ஒட்டிய ஸ்க்ரூவைக் கழற்றும்போது விசை கூடும். 1.3 மில்லிமீட்டர் போன்ற மெல்லிய ஸ்க்ரூ அப்போது உடையக்கூடும் என்பதால், 1.6க்குக் குறையாததைக் கேளுங்கள். பல் வேர்களுக்கு இடையில் அதற்கு இடமிருக்கிறதா என்பதையும் அதே எக்ஸ்ரேயில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.