மாநகராட்சியின் பழைய கட்டடத்தை விரிவாக்கப் போகிறார்கள், வரைபடத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் வார்டில் மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய நூலகக் கட்டடம் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்தது. அதன் பின்பக்கத்தில் இரண்டு மாடி சேர்த்துக் கட்டத் திட்டம். வரைபடத்தைப் பார்த்துப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்கிறார்கள். என்ஜினியர் அல்லாத நான் எதைப் பார்க்க வேண்டும்? ஊர் திருநெல்வேலி.

பதில்:

முதலில் அந்தக் கலர் படத்தை ஓரமாக வையுங்கள். கம்ப்யூட்டரில் போட்ட படத்தில் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காத புல்தரையெல்லாம் இருக்கும், எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வளைவு பழைய மாதிரி இருக்கிறது, இல்லை என்று சண்டை போடுவார்கள். கட்டடம் கெட்டுப் போவது பெரும்பாலும் அந்தப் படத்தில் தெரியாத இடத்தில், அதாவது புதுச் சுவரும் பழைய சுவரும் ஒட்டுகிற இரண்டடி அகலத்தில். நான் பாளையங்கோட்டையில் சிவில் வேலை பார்க்கிறவன், பழைய வீடுகளைச் சரிபண்ணுவதுதான் பாதி வேலை. அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த ஒட்டு இடத்துக்குக் குறுக்குவெட்டு வரைபடம், அதாவது சுவரை மேலிருந்து கீழே வெட்டிப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் படம், கேளுங்கள். அது இல்லாமல் கருத்துக் கேட்டால், வரைந்த பிறகு கூப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

வரைபடம் கிடைத்தால் முதலில் மழைத்தண்ணீர் போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். அந்தக் காலத்துக் கட்டடம் என்றால் அநேகமாகத் தேக்கு உத்தரம் போட்டு, மேலே செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் தளமாக இருக்கும். தண்ணீர் பின்பக்கம் வடிகிற மாதிரி வாட்டம் வைத்திருந்தால், அதே பின்பக்கத்தில் இப்போது இரண்டு மாடி உயரத்துக்குச் சுவர் எழும்புகிறது. பழைய தூம்பு எங்கே போய் விழும்? புதுச் சுவரில் அடிக்கிற சாரலும் வழிந்து அதே மூலைக்குத்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, சருகு மக்கி, காக்கை எச்சத்தில் அரசங்கன்று முளைத்துவிட்டால் அதன் வேர் சுண்ணாம்புக் காரைக்குள் போகிற வேகம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். செடியை வெட்டினால் போகாது, சுவரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

தரைமட்டமும் அப்படித்தான். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்த அதே சமயம் இங்கே தாமிரபரணி பொங்கி ஜங்ஷன் பக்கமெல்லாம் மூழ்கியதே, அதற்குப் பிறகு புதிதாகக் கட்டுகிற எவரும் தரையை உயர்த்தித்தான் கட்டுவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் புதுப் பகுதியை உயர்த்தி, முற்றத்துக்கு பேவர் பிளாக் போட்டு அதையும் உயர்த்திவிட்டால், பழைய கட்டடம் நடுவில் கிணறு மாதிரி ஆகிவிடும். பழைய படி எத்தனை வெளியே தெரிகிறது, வேலை முடிந்த பிறகு எத்தனை தெரியும் என்று கேளுங்கள். இரண்டு படி மண்ணுக்குள் போகிறது என்றால் சுவரின் அடி ஓதத்தில், அதாவது ஈரக்கசிவில், நிற்கப் போகிறது என்று அர்த்தம்.

ஓதம் என்றதும் சிமெண்ட் ஞாபகம் வருகிறது. விரிவாக்கத்தோடு சேர்த்து 'பழைய பகுதி புனரமைப்பு' என்று ஒரு வரி எஸ்டிமேட்டில் இருக்கும், கண்டிப்பாகப் படியுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு என்று இருந்தால் அங்கேயே எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். என்னோடு வேலை பார்க்கும் வயதான கொத்தனார் ஒருவர் இதைச் சொல்கிற விதம்: "ஏ தம்பி, தரையிலருந்து ஏறுத ஓதம் சுவத்து வழியா காயணும்லா? மேல சிமெண்டப் பூசி அடைச்சா அது எங்க போவும்? உள்ளயே சுத்தி உப்பு பூத்து செங்கல மாவாக்கிரும்." பூசி ரெண்டு வருஷம் பளிச்சென்று இருக்கும், அப்புறம் இடுப்பு உயரத்துக்குப் பொரிந்து பாளம் பாளமாக விழும், உடனே 'கட்டடம் பலவீனமாகிவிட்டது' என்று ஒரு சான்றிதழ் வரும், அதற்கடுத்து என்ன வரும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசுகிற ஆட்கள் தென்மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள், கூலி கூட ஆகும், நாள் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் இது டெண்டரிலேயே எழுதப்பட வேண்டும். 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி வேலை பொதுவாகக் குறைந்த விலை கேட்டவருக்குத்தான் போகும், எழுதாத ஒன்றைச் சொந்தக் காசில் செய்ய ஒப்பந்ததாரருக்கு என்ன தலையெழுத்து?

அஸ்திவாரத்துக்கு வருவோம். பழைய கட்டடம் இறங்க வேண்டிய அளவுக்கு எப்போதோ இறங்கி நின்றுவிட்டது, புதுசு இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினால் ஒட்டில் விரிசல் விடும், அதனால் நடுவில் இடைவெளி விட்டு, மேலே தண்ணீர் புகாதபடி தகடு மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய சுவரை ஒட்டி அதன் அடிக்கல்லைவிட ஆழமாக வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டப் போகிறார்களா என்பதையும் கேளுங்கள். அதற்கு முதலில் பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று அவர்களுக்கே தெரிய வேண்டும், ஒரு ஓரத்தில் சோதனைக்குழி வெட்டிப் பார்த்திருக்க வேண்டும். பல திட்டங்களில் இதைச் செய்வதே இல்லை. புதுப் பகுதிக்கு வழி வேண்டுமென்று சுவரை இடிப்பதாக இருந்தால், இருக்கிற ஜன்னலின் கீழ்ச்சுவரை மட்டும் இறக்கி வாசலாக்கலாம், மேலே இருக்கிற வளைவு அசையாமல் நிற்கும். உத்தரம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேர் கீழே புதிதாக வாசல் அடித்தால் ஆபத்து.

இன்னொன்று, ஒட்டித்தான் கட்ட வேண்டுமா என்றே கேட்கலாம். சென்னையில் 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகையில் இடம் போதவில்லை என்றதும் அதே வளாகத்தில் பின்னால் அம்மா மாளிகையைத் தனியாகக் கட்டினார்கள். அதன் அழகைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, ஆனால் பழைய சுவரில் கை வைக்கவில்லை. நம்ம ஊரிலேயே 1843-இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தைப் பிற்பாடு அகலப்படுத்தினார்கள், பழைய வளைவுகளை இடிக்காமலே இடம் கிடைத்தது.

அதற்கும் முன்னால் ஒரு நடை உள்ளே போய், எத்தனை அறையில் உடைந்த நாற்காலியும் பழைய ஃபைலும் போட்டுக் கிட்டங்கியாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இடம் பற்றவில்லை என்பது சில ஊரில் உண்மை, சில ஊரில் ஒதுக்கிய நிதியை மார்ச்சுக்குள் முடிக்கிற அவசரம்.

சட்டத்தை ரொம்ப நம்ப வேண்டாம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டருக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். மாநிலப் பட்டியலுக்கு 1966 சட்டம் இருக்கிறது. மாநகராட்சியின் பழைய நூலகம், மார்க்கெட், ஆபீஸ் போன்றவை பெரும்பாலும் இரண்டு பட்டியலிலும் வராது. ஆனால் தகவல் உரிமைச் சட்டம் உதவும். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும், காகித நகல் மட்டுமில்லாமல் வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் அதில் உரிமை உண்டு. மாதிரி எடுக்கலாம் என்கிற விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. எந்தக் காரை பூசுகிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தோற்றம் பற்றி என் கருத்து: சிமெண்டில் போலி வளைவு செய்யாமல், பழைய கூரையைவிட உயராமல், முகப்பிலிருந்து உள்வாங்கி, சாதாரணமாகக் கட்டினாலே போதும். உங்கள் திட்டம் இரண்டு மாடி என்பதால் உயரத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

கருத்துக் கூட்டத்தில் வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வானம் தோண்டுவதற்கு முன்பே பழைய சுவரின் விரிசல்களைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள், முடிந்தால் விரிசல் மேல் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதச் சொல்லிக் கேளுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். இல்லையென்றால் நாளைக்கு, 'அது முன்னாலேயே இருந்த விரிசல்தான் அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.