கை ஆட்டம் நின்றுவிட்டது, ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: என் 10 வயது மகளின் கையெழுத்து சென்ற ஆண்டு திடீரெனக் கோணலானது. டம்ளர் கைநழுவியது, முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தாள், காரணமில்லாமல் அழுதாள். ஆசிரியை சேட்டை என்று திட்டினார். உறவினர்கள் காத்துக்கருப்பு என்றார்கள். தொண்டைக் கிருமியால் வந்த, கை, முகமெல்லாம் தானாக ஆடும் ‘கொரியா’ என்ற நோய் என்று டாக்டர் கண்டுபிடித்தார். இப்போது குணமாகிவிட்டது. ஆனாலும் 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்கிறார். அவளோ அழுது தீர்க்கிறாள். மூளையில் கிருமி இன்னும் இருக்கிறதா? ஊசியை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். மூளையில் கிருமி இப்போதும் இல்லை, ஆட்டம் உச்சத்தில் இருந்தபோதும் இருந்ததில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற அந்தக் கிருமி தொண்டையோடு நின்றுவிட்டது. அதை எதிர்க்க உடல் தயாரித்த எதிர்ப்புப் புரதங்கள்தாம் வம்பு செய்தன. அந்தக் கிருமியின் சில மூலக்கூறுகளும், அசைவுகளைச் சீராக்கும் ‘பேசல் கேங்லியா’ என்ற மூளைப் பகுதியின் நரம்பணுக்களில் உள்ள சிலவும் ஒரே சாயல் கொண்டவை. ஆள் தெரியாமல் அவற்றையும் இந்தப் புரதங்கள் பற்றிக்கொள்வதே காரணம் என்று கருதுகிறோம். தொண்டை வலி வந்து 1 முதல் 6 மாதம் கழித்துத்தான் ஆட்டம் தொடங்கும். அதற்குள் பெற்றோருக்குத் தொண்டை வலியே மறந்துபோயிருக்கும். ரத்தப் பரிசோதனையும் சில சமயம் கைவிரித்துவிடும்.

நோய்க்குக் கிருமி காரணம் என்று அறியாத 1686ஆம் ஆண்டிலேயே தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்திருக்கிறார். இன்றும் கண்ணால் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். குழந்தையை நம் இரு விரல்களைப் பிடிக்கச் சொன்னால், பால் கறப்பதுபோல் பிடி இறுகித் தளரும். நீட்டிய நாக்கு நிற்காமல் உள்ளே ஓடிவிடும். தூங்கினால் எல்லாம் அடங்கிவிடுவதால் ‘நடிக்கிறாள்’ என்ற பழியும் சேர்ந்துகொள்கிறது. வாங்கிய திட்டுக்காக உங்கள் மகளிடம் யாராவது வருத்தம் தெரிவித்தார்களா?

ஊசிக்கு வருவோம். கொரியா பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கும். ஆனால் அது, இந்தத் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலின் ஒரு வடிவம். இதே குளறுபடி இதய வால்வுகளையும் தாக்கும். மீண்டும் ஒரு தொண்டைத் தொற்று வந்தால் ஆட்டம் திரும்பலாம், வால்வுச் சேதமும் கூடலாம். அதைத் தடுக்கத்தான் பென்சிலின். இதயத்துக்கு எக்கோ (ஸ்கேன்) பரிசோதனை செய்தாயிற்றா? ஸ்டெதஸ்கோப்பில் கேட்காத வால்வுக் கசிவும் அதில் தெரியும். வால்வு நன்றாக இருந்தால் 5 ஆண்டுகள் அல்லது 21 வயதுவரை, எது நீளமோ அதுவரை ஊசி தேவை. பாதிப்பு இருந்தால் இன்னும் நீளும். ஊர்த் திருவிழா, தேர்வு என்று நாள் தள்ளிப்போக விடாதீர்கள்.

வலிக்கிற ஊசிதான், மறுப்பதற்கில்லை. மெதுவாகச் செலுத்தினால் வலி குறையும். மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கலந்து போட முடியுமா என்றும் கேளுங்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்; அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம்.

மருத்துவக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். பிற்காலத்தில் கர்ப்பத்தின்போதோ, கருத்தடை மாத்திரை எடுக்கும்போதோ சிலருக்கு இந்த ஆட்டம் திரும்புவதுண்டு. அப்போது பார்க்கும் மருத்துவருக்கு இந்தப் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும்.