அடைப்புக்குறிக்குள் ஒளித்த சம்பளம்

கேள்வி: அப்பா தொடங்கிய தொழிற்சாலை மூன்று ஆண்டுகளாக நஷ்டத்தில் ஓடுகிறது. இப்போது பொறுப்பு என்னிடம். 240 வகைச் சாமான்கள் செய்கிறோம். புதுமையாக ஒரு பொருளை இறக்கினால் நிமிர்ந்துவிடலாம் என்கிறேன், தம்பி மறுக்கிறான். (ஆட்களுக்குச் சம்பளம் போட 18, 20 தேதி ஆகிவிடுகிறது. எங்கள் இருவருக்கும் மட்டும் 1-ஆம் தேதி வந்துவிடும்.) எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: அந்த அடைப்புக்குறியிலிருந்து.

அப்பா பெயரைப் பலகையில் மாட்டிக்கொண்டு, அவரோடு உழைத்தவர்களை 20 தேதிவரை நிற்க வைக்கிறீர்கள். இதை எழுதும்போது உங்களுக்கு உறுத்தவே இல்லையா? சம்பளம் தள்ளிப்போனால் முதலில் கிளம்புகிறவர், வெளியில் உடனே வேலை கிடைக்கிற கைதேர்ந்த ஆள். அந்த இடத்தில் புது ஆள் நிற்பார். கழிவு ஏறும், ஆர்டர் தாமதமாகும். மூலப்பொருள் தருகிறவருக்குச் சேதி உங்கள் வாட்ச்மேன் மூலமாகவே போய்விடும். கடனுக்குத் தந்தவர் ரொக்கம் கேட்பார்.

இந்த மாதமே வரிசையை மாற்றுங்கள். ஆட்கள் சம்பளம், அதில் பிடித்துவைத்த தொகை, வரி, மூலப்பொருள்காரர். மிச்சமிருந்தால் நீங்களும் தம்பியும். மூத்தவர் நீங்கள், உங்களுடையதை முதலில் நிறுத்துங்கள். அப்புறம் பேசினால் தம்பி காதுகொடுப்பார்.

அடுத்து, 13 வாரத்துக்கு ஒரு பணவரவுத் தாள். வாரத்துக்கு ஒரு கட்டம்: தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு. எல்லோரும் சறுக்குவது வரவில்தான். பில்லில் இருக்கிற கெடுவை நம்பி எழுதிவிடுவார்கள். 30 நாள் என்று சொல்லி 55-ஆம் நாள் தருகிறவருக்கு 55 என்றே போடுங்கள். எந்த வாரம் இருப்பு மைனஸில் விழுகிறதோ, அதுவரைதான் உங்களுக்கு அவகாசம். திங்கள்தோறும் எழுதியதையும் வந்ததையும் நீங்களே ஒப்பிடுங்கள், கணக்காளர் தலையில் கட்டாதீர்கள்.

இனி அந்த 240. ஒவ்வொன்றின் விலையிலிருந்தும் மூலப்பொருள், தள்ளுபடி, வண்டி வாடகை, கழிவு கழித்து, மிஞ்சியதை இயந்திரம் எடுத்த மணிக்கணக்கால் வகுங்கள். அச்சு மாற்றும் நேரமும் அதில் சேர வேண்டும். இரண்டு மணி நேரம் அச்சு மாற்றி நாற்பது நிமிடம் ஓட்டுகிற சாமானின் லட்சணம் அப்போது தெரியும். அடியில் கிடப்பவற்றுக்கு விலையை ஏற்றுங்கள், வாங்காவிட்டால் போகட்டும்.

பிளாஸ்டிக் கட்டைப் பொம்மைகள் செய்கிற லெகோ நிறுவனம் கைநிறையப் புதுமைகளை வைத்துக்கொண்டுதான் 2003, 2004-ல் பெரும் நஷ்டத்தில் விழுந்தது. உரிமையாளர் குடும்பத்து கியெல் கிர்க் கிறிஸ்டியன்சன் தலைமை நாற்காலியிலிருந்து எழுந்து, குடும்பத்தைச் சேராத 35 வயது யோர்கன் விக் க்னுட்ஸ்டார்ப்பை உட்கார வைத்தார். 12,000-ஐத் தாண்டியிருந்த உதிரி வகைகள் ஏறக்குறைய பாதியாயின. 2005-ல் தங்கள் கேளிக்கைப் பூங்காக்களின் பெரும்பங்கையும் விற்றார்கள். நாற்காலியைவிட்டு எழச் சொல்லவில்லை, 1-ஆம் தேதிச் சம்பளத்தைத்தான் விடச் சொல்கிறேன்.

புதுப் பொருளுக்கு அச்சு வெட்ட முன்பணம் கொடுத்திருந்தால் வேலையை நிறுத்திவையுங்கள். ஆட்கள் சம்பளம் மூன்று மாதம் தொடர்ந்து 1-ஆம் தேதி போன பிறகு எடுக்கலாம். அப்போதும் 20 துண்டு கையால் செய்து பழைய வாடிக்கையாளர் ஐந்து பேரிடம் விற்றுப் பாருங்கள். சும்மா கொடுத்தால் எல்லோரும் பிரமாதம் என்பார்கள், காசு கேளுங்கள்.