கே.பி.சுந்தராம்பாள் நடித்த ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பது என்ன?

ஒரே நாடகக் கம்பெனியைச் சேராத நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி, முன்பணம் கொடுத்து, ஓர் இரவுக்கு மட்டும் மேடையேற்றுவதுதான் ஸ்பெஷல் நாடகம். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. கல்யாணச் சமையலுக்கு நாலு ஊர் ஆட்கள் வந்து கூடினாலும் சாம்பார் சரியாக வருகிறதே, அப்படித்தான். வள்ளி திருமணம் போன்ற சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) எல்லோருக்கும் மனப்பாடம். ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்துக் கொடுத்து ஆட்டத்தை நகர்த்துவார். இருவர் சுருதி பொருந்தாவிட்டால் இருவரும் மாறி மாறி வாதாடிப் பாடும் தர்க்கப் பாட்டு அங்கேயே படுத்துவிடும்.

சுந்தராம்பாள், அவருடைய கணவரும் மேடைப் பாடகருமான எஸ்.ஜி.கிட்டப்பா ஜோடி அவ்வளவு கொண்டாடப்பட்டதற்கு இதுவே காரணம்: இருவருக்குமே எட்டுக்கட்டையாய் ஒலிக்கும் உச்சக் குரல். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசை வரை எட்ட வேண்டிய காலம் அது. கிட்டப்பா 1933-இல் மறைந்தபின், 1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராகவே நடித்தார். பேசப்பட்ட சம்பளம் 1 லட்சம் ரூபாய். 1953-இல் ‘ஔவையார்’ படத்தில் ஔவையாராக நடித்தார்.

ஒத்திகை இல்லை என்றால் பயிற்சியும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சுந்தராம்பாள் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து தேர்ந்தவர்.