காப்பர்-டி இருக்கும்போதே இரண்டு கோடு வந்தால்

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைக் கருவியான காப்பர்-டி உள்ளே இருந்தாலும் கரு தங்கலாம். நாள் தள்ளிப்போய், கர்ப்பப் பரிசோதனைக் கிட்டில் இரண்டு கோடும் வந்துவிட்டால் கர்ப்பம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றோ நாளையோ ஸ்கேன் எடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

காப்பர்-டி போட்ட 100 பேரில் முதல் வருடத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கரு தங்கும். ஆனால் தங்கிவிட்டால், அது கருக்குழாயில் வளரும் வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல், மயக்கம் இதில் எது வந்தாலும், நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இப்படிக் கரு தங்கும்போது பல நேரங்களில் கருவி கீழே இறங்கியிருக்கும். பிரசவமான கையோடு போட்டவர்களுக்கு இது கூடுதல். கையைக் கழுவிவிட்டு, பிறப்புறுப்புக்குள் விரலை விட்டு, கருவியின் நூல் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டுப்பட்டாலும் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இழுக்கவே கூடாது.

ஸ்கேனில் கரு தெரியாவிட்டால் கர்ப்ப ஹார்மோனின் அளவைக் காட்டும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை, 48 மணி நேரம் கழித்து மறுபடியும்.

கரு கருப்பைக்குள்தான் என்றால், குழந்தை வேண்டுமென்றாலும் நூல் தெரிகிறபோதே டாக்டர் கருவியை எடுத்துவிடுவது நல்லது. விட்டுவைத்தால் கருச்சிதைவு, தொற்று, குறைப்பிரசவம் கூடும். எடுக்கும்போதும் கரு கலைய சிறு வாய்ப்பு உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதையும் சொல்லுங்கள்.