நியூரோமார்ஃபிக் சிப் பங்குகள்: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அண்மையில் வந்த முதலீட்டுக் கேள்விகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே நிறுவனத்தைச் சுற்றியே இருந்தன. ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து இயங்கும் பிரெயின்சிப் நிறுவனமும் அதன் அகிடா சிப்பும்தான் அவை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வழியாகவும் செல்பேசிக் குழுக்கள் வழியாகவும் இந்தப் பெயர் நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை வந்து சேர்ந்திருக்கிறது. என்னிடம் இந்தப் பங்கு ஒன்றுகூட இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தக்கலை, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்: “மூளையைப் போல் இயங்கும் சிப் என்கிறார்கள். இது உண்மையான தொழில்நுட்பமா, அல்லது பங்கை விற்பதற்காகச் சூட்டிய பெயரா?”

உண்மையான தொழில்நுட்பம்தான், ஐயா. 1980-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் கார்வர் மீட் உருவாக்கிய துறை இது. நியூரோமார்ஃபிக் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. சாதாரணக் கணினியில் கணக்குப் போடும் பகுதி ஓரிடத்திலும் நினைவகம் வேறிடத்திலும் இருப்பதால், ஒவ்வொரு எண்ணையும் அங்கிருந்து இங்கே கொண்டுவந்து, கணக்கிட்டு, திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளில் மின்சாரத்தின் பெரும்பகுதி கணக்கிடுவதில் அல்ல, இந்தப் போக்குவரத்தில்தான் செலவாகிறது. நியூரோமார்ஃபிக் சிப்பில் நினைவகம் கணக்கிடும் பகுதியின் அருகிலேயே அமைந்திருக்கும். உள்ளே வரும் தகவலில் மாற்றம் ஏற்பட்டால் மட்டும் ஒரு மின்துடிப்பு எழும். மாற்றம் இல்லாதபோது அந்தப் பகுதி சும்மா இருக்கும். அகிடா என்பதே கூர்முனையை, அதாவது ஆங்கிலத்தில் ஸ்பைக் எனப்படுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்; துறையில் இந்த மின்துடிப்பையும் ஸ்பைக் என்றுதான் சொல்கிறார்கள்.

நம் மூளை ஏறத்தாழ 20 வாட் மின்சக்தியில் இயங்குகிறது என்ற ஒப்பீட்டை நீங்களும் வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அந்த ஒப்பீடு துறைக்கு ஊக்கம் தருவதேயன்றி, எந்த ஒரு நிறுவனத்தின் சிப்புக்கும் அளவுகோல் ஆகாது. வணிகத்துக்கு வந்துள்ள அகிடா, செயற்கை நுண்ணறிவின் கணக்கு அமைப்புகளான வழக்கமான நரம்பு வலைப்பின்னல்களை மிகக் குறைந்த பிட் (கணினி இலக்க) எண்களாகச் சுருக்கி, பூஜ்யங்களைத் தவிர்த்துக் கணக்கிடும் டிஜிட்டல் சிப். அது பயனுள்ள பொறியியல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பயனுள்ள பொறியியலா என்பதும் பங்கு வாங்கத் தக்கதா என்பதும் வெவ்வேறு கேள்விகள். இவ்வாரக் கடிதங்களில் பெரும்பாலானவை அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டன.

மார்த்தாண்டம், ரப்பர் வணிகர்: “மெர்சிடிஸ் நிறுவனமே இந்தச் சிப்பைப் பயன்படுத்தியதாகப் படித்தேன். அப்படியிருந்தும் பங்கு விலை ஏன் சரிந்தது?”

2022 ஜனவரியில் மெர்சிடிஸ்-பென்ஸ் வெளியிட்ட விஷன் ஈகியூஎக்ஸ்எக்ஸ் காரில், குரல் கட்டளையை அறியும் பணிக்கு அகிடா பயன்படுத்தப்பட்டது உண்மை. ஆனால் அது ஷோரூமில் விற்கும் கார் அல்ல. ஆய்வுக்காகச் செய்த மாதிரி வண்டி. அந்தச் செய்தியை ஒட்டி அதே மாதத்தில் பங்கின் விலை 2 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே பங்கு 20 சென்ட்டுக்கும் கீழே வந்தது. இடைப்பட்ட காலத்தில் தொழில்நுட்பம் கெட்டுப்போகவில்லை, வருமானம்தான் வரவில்லை.

வருமானம் ஏன் வரவில்லை என்பதற்கு உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கன்று நட்டால் பால்வெட்டத் தொடங்க 6, 7 ஆண்டுகள் ஆகும். அதுவரை உரமும் கூலியும் கைப்பணம்தான். பிரெயின்சிப்பின் முதன்மையான வணிகமும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே. அந்த நிறுவனம் தன் வடிவமைப்பைப் பிற சிப் நிறுவனங்களுக்கு உரிமத்தில் கொடுக்கிறது. உரிமம் எடுத்தவர் முதலில் ஒரு கட்டணம் கட்டுகிறார். பிறகு தம் சிப்பில் அந்த வடிவமைப்பைச் சேர்த்து, சோதித்து, ஒரு பொருளில் பொருத்தி, சந்தைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும். அந்தப் பொருள் விற்கத் தொடங்கிய பின்னரே ஒவ்வொரு சிப்புக்கும் ராயல்டி என்னும் உரிமப் பங்குத்தொகை கிடைக்கும். உரிமம் எடுத்தவர் இடையில் திட்டத்தைக் கைவிட்டால் ராயல்டி வராது. ரப்பரிலாவது மரம் மிஞ்சும். ஜப்பானின் ரெனெசாஸ் 2020-இலும் மெகாசிப்ஸ் 2021-இலும் உரிமம் எடுத்தன. விண்வெளிச் சிப்புகள் செய்யும் ஃபிரண்ட்கிரேட் கெய்ஸ்லர் 2024 டிசம்பரில் எடுத்தது.

நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 2022-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர். அதில் பெரும்பகுதி உரிமம் சார்ந்தது. 2023-இல் அது சுமார் 2.3 லட்சம் டாலராகச் சுருங்கியது. 2024-இல் சுமார் 4 லட்சம். நட்டமோ 2023-இல் சுமார் 2.9 கோடி டாலர், 2024-இல் சுமார் 2.4 கோடி டாலர். ஒரு சிப்புக்கு 10 சென்ட் ராயல்டி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 2 கோடி டாலர் ஈட்ட ஆண்டுக்கு 20 கோடி சிப்புகள் விற்க வேண்டும். 10 சென்ட் என்பது நான் எடுத்துக்கொண்ட எண்தான். நீங்கள் வேறு எண்ணைப் போட்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நாகர்கோவில், வடசேரி: “பெர்த் நகரில் வேலை பார்த்தபோது, 2022-இல் 1.60 டாலர் விலையில் 2000 பங்குகள் வாங்கினேன். இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன். இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கலாமா?”

உங்கள் கடிதத்தைப் போன்றே இன்னும் மூன்று கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். விலை 20 சென்ட்டாக இருக்கும்போது மேலும் 2000 பங்குகள் வாங்கினால் உங்கள் சராசரி 90 சென்ட்டாகக் குறையும். தாளில் ஆறுதலாகத் தெரியும் இந்த எண்ணால் நிறுவனத்தில் எதுவும் மாறவில்லை. போட்ட முதல் திரும்பிவர விலை இன்னும் நாலரை மடங்கு ஏற வேண்டும்.

விலையைவிட முக்கியமானது பங்குகளின் எண்ணிக்கை. 2022-இல் 170 கோடியை ஒட்டியிருந்த இந்நிறுவனத்தின் பங்கு எண்ணிக்கை 2025-இல் 200 கோடியைத் தாண்டியது. வருமானம் இல்லாத நிறுவனம் சம்பளமும் ஆய்வுச் செலவும் கொடுக்க, புதிய பங்குகளை வெளியிட்டுத்தான் பணம் திரட்ட வேண்டும். 2020-இல் எல்டிஏ கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் இதற்கான வழிகளில் ஒன்று: தேவைப்படும்போது பங்குகளை வெளியிட்டு, சந்தை விலைக்குச் சற்றுக் குறைவாகப் பணம் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் 2000 பங்குகள் நிறுவனத்தில் கொண்டிருந்த விகிதம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்துவிட்டது. 170 கோடிப் பங்குகள் இருந்தபோது 1.60 டாலர் விலை என்பது 272 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பு. 200 கோடிப் பங்குகள் உள்ளபோது அதே 1.60-ஐத் தொட, நிறுவனத்தின் மதிப்பு 320 கோடி டாலராக இருக்க வேண்டும். பழைய உச்சத்துக்குத் திரும்பும் என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

மேலும் வாங்குவதற்கு முன், நிறுவனம் காலாண்டுதோறும் பங்குச் சந்தைக்குத் தரும் அப்பெண்டிக்ஸ் 4சி என்ற பணவரவு அறிக்கையைத் திறந்து மூன்று வரிகளைப் பாருங்கள்: வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த பணம், செயல்பாட்டுக்குச் செலவான பணம், 8-ஆம் பகுதியில் உள்ள ‘கையிருப்பு இன்னும் எத்தனைக் காலாண்டுகளுக்குப் போதும்’ என்ற மதிப்பீடு. அந்த மதிப்பீடு இரண்டுக்குக் கீழே போனால், எப்படிச் சமாளிக்கப் போகிறோம் என்று நிறுவனம் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்பது அங்குள்ள விதி. கூட்டாளி நிறுவனம் சேர்ந்தது, கண்காட்சியில் கலந்துகொண்டது போன்ற அறிவிப்புகளை இந்த அறிக்கையைப் படித்த பிறகு படித்தால் போதும். முதல் வரியில் தொடர்ந்து சில காலாண்டுகள் வளர்ச்சி தெரிந்தால், இன்றைக்குக் கொடுக்கும் விலையைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து அப்போது வாங்கிக்கொள்ளலாம். அதில் நட்டம் ஏதுமில்லை.

விற்க முடிவு செய்தால் ஒரு நன்மை உண்டு. நீங்கள் 24 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதால் இது நீண்டகால மூலதன இழப்பு. ஊரில் மனை ஏதேனும் விற்று நீண்டகால ஆதாயம் வந்தால், அதற்கு எதிராக இந்த இழப்பைக் கழிக்கலாம். கழிக்க இயலாததை, வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால், அடுத்த 8 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம்.

குளச்சல், மகன் கத்தாரில் பணிபுரியும் தாயார்: “மகன் அங்கிருந்தே வாங்குகிறான். நானும் இங்கிருந்து பணம் அனுப்பி வாங்கலாமா? வரித் தொல்லை வருமா?”

உங்கள் மகன் வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்வரை, அங்கு ஈட்டிய பணத்தில் அங்கே வாங்கும் பங்குகளுக்கு நம் நாட்டின் பண அனுப்பு வரம்பு பொருந்தாது. அதில் வரும் ஆதாயத்துக்கும் இங்கே வரியில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பங்குகளை அவர் வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அவர் முழுமையாக இந்தியவாசி என்ற நிலையை அடைந்த ஆண்டு முதல், உலகில் எங்கு வருமானம் வந்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும்.

உங்கள் நிலை வேறு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்புத் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை நீங்கள் அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், முதலீட்டுக்காக அனுப்பும் தொகை ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதத்தை வங்கி முன்வரியாகப் பிடிக்கும். அது செலவு அல்ல, உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும். வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் வருமான வரிக் கணக்குக்கான எளிய ஐடிஆர்-1 படிவம் செல்லாது. வெளிநாட்டுச் சொத்துகளுக்கான எஃப்ஏ அட்டவணையை நிரப்ப வேண்டும். அது நிதியாண்டை அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையான ஆண்டைப் பின்பற்றுகிறது என்பதில் பலர் தவறுகிறார்கள். மறைத்தால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு மிகாத சொத்துகளுக்கு அந்த அபராதத்திலிருந்து விலக்குத் தரப்பட்டுள்ளது. விலக்கு இருந்தாலும் நிரப்பிவிடுங்கள். சிறு தொகைக்காக இவ்வளவு காகித வேலை தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பதே என் கருத்து.

ஆரல்வாய்மொழி, காற்றாலைப் பராமரிப்புப் பொறியாளர்: “எங்கள் காற்றாலைகளின் அதிர்வைக் கண்காணிக்க இத்தகைய சிப்புகள் வருமா?”

இவ்வாரத்தின் சிறந்த கேள்வி இது. சந்தையை விட்டுவிட்டுப் பயனிலிருந்து தொடங்குகிறது. கியர்பாக்ஸின் பேரிங் தேய்வதை அதிர்விலிருந்து அறியும் பணிக்கு இவ்வகைச் சிப்புகள் பொருத்தமானவையே. ஆனால் காற்றாலையின் உள்ளேயே மின்சாரம் இருக்கிறது. சில மில்லிவாட் மிச்சப்படுத்துவதற்காக உங்கள் நிறுவனம் புதிய சிப்பைத் தேடுவதற்கு வலுவான காரணம் இல்லை. மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் வழக்கமான சிறு கட்டுப்பாட்டுச் சிப்பே அந்த வேலையைச் செய்துவிடும். பட்டன் பேட்டரியில் பல மாதங்கள் ஓட வேண்டிய இடங்களில்தான் இந்தச் சிப்புக்கு உண்மையான தேவை: காதுகேள் கருவி, உடலில் அணியும் மருத்துவக் கருவி, செயற்கைக்கோள், மார்த்தாண்டம் பகுதியின் தேன்பெட்டிக்குள் ஈக்களின் ரீங்காரத்தைக் கேட்கும் சென்சார் போன்றவை. பிரெயின்சிப் 2024 அக்டோபரில் அறிவித்த அகிடா பிக்கோ என்னும் வடிவமைப்பு, 1 மில்லிவாட்டுக்கும் குறைவான மின்சக்தியில் இயங்குவதாகச் சொல்லப்பட்டது இத்தகைய இடங்களை நோக்கியே. எத்தனைத் துறைகளில் மின்சாரம் உண்மையிலேயே தட்டுப்பாடு என்று எண்ணிப் பாருங்கள். சந்தையின் அளவு ஓரளவு புலப்படும்.

குலசேகரம், பொறியியல் மாணவர்: “இந்நிறுவனம் என்விடியாவை வீழ்த்துமா? இன்டெல், ஐபிஎம் ஏன் பின்தங்கின?”

என்விடியாவின் சந்தை டேட்டா சென்டர். இதன் சந்தை, சென்சாரின் அருகிலேயே கணக்கிடும் சிறு கருவிகள். இரண்டும் மோதிக்கொள்ளவே இல்லை. இன்டெல்லும் ஐபிஎம்மும் பின்தங்கவும் இல்லை. 10 லட்சம் செயற்கை நியூரான்களை 70 மில்லிவாட் அளவில் இயக்கிய ட்ரூநார்த் சிப்பை ஐபிஎம் 2014-இலேயே காட்டியது. இன்டெல் 2017-இல் லோய்ஹி, 2021-இல் லோய்ஹி 2, 2024-இல் 1,152 லோய்ஹி 2 சிப்புகள் கொண்ட ஹாலா பாயின்ட் என்று தொடர்ந்து வந்திருக்கிறது. இவ்வளவு வளம் உள்ள நிறுவனங்களே இவற்றைப் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவில் வைத்திருப்பதைத்தான் முதலீட்டாளர் கவனிக்க வேண்டும். பிரெயின்சிப்புக்கு நேரடிப் போட்டி, ஆர்ம் நிறுவனத்தின் எத்தோஸ் போன்ற சிறிய செயற்கை நுண்ணறிவு வடிவமைப்புகள். மூளை, நியூரான் என்ற பெயர்கள் இல்லாமலே அவை மலிவாகவும், பொறியாளர்களுக்கு ஏற்கெனவே பழகிய மென்பொருளுடனும் கிடைக்கின்றன.

திருவட்டாறு, கூட்டுறவு ஊழியர்: “டாடா எல்க்ஸி இந்நிறுவனத்துடன் கைகோத்துள்ளதே? அதையாவது வாங்கலாமா?”

2023-இல் அந்தக் கூட்டு அறிவிக்கப்பட்டது. பொறியியல் வடிவமைப்புச் சேவை நிறுவனமான டாடா எல்க்ஸியின் மொத்த வணிகத்தில் அது கடுகளவு. அந்நிறுவனத்தை வாங்க வேறு காரணங்கள் இருந்தால் வாங்குங்கள், இதற்காக வேண்டாம்.

குழித்துறை: “ஒரு டெலிகிராம் குழுவில் இந்தப் பங்கை இந்திய ரூபாயிலேயே வாங்கித் தருவதாகவும் மூன்று மாதத்தில் இரட்டிப்பாகும் என்றும் சொல்கிறார்கள். 40,000 ரூபாய் அனுப்பிவிட்டேன்.”

மேற்கொண்டு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரின் பதிவெண் ஐஎன்ஏ என்றும், ஆய்வாளரின் பதிவெண் ஐஎன்எச் என்றும் தொடங்கும். அந்த எண்ணைக் கேட்டு, செபியின் இணையதளத்தில் சரிபாருங்கள். அப்படிப் பதிவு பெற்றவர்கூட இவ்வளவு ஆதாயம் கிடைக்கும் என்று உறுதி தரக் கூடாது. வெளிநாட்டுப் பங்கு உங்கள் பெயரில் வாங்கப்பட வேண்டுமென்றால் உங்கள் வங்கி வழியாக, உங்கள் பான் எண்ணுடன், உங்கள் கையொப்பத்துடன் பணம் வெளியே போயிருக்க வேண்டும். தனிநபர் யுபிஐ எண்ணுக்குப் போன பணம் பங்காக மாறியிருக்க வாய்ப்பில்லை. இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, பரிவர்த்தனை எண்ணுடன் புகாரைப் பதிவு செய்யுங்கள். குழுவின் உரையாடல்களை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு வெளியேறுங்கள்.